ஒதுங்க ஓர் இடம்

அன்று மதியம் மடத்துக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மடத்தம்மா. சமையல் பார்க்கும் பொன்னுருவி. சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரம் விற்றுக்கொண்டு வந்து, வெயிலுக்கு ஒதுங்கிய ராவுத்தர். மைக்செட் திருமேனி.

ஆக நாலு பேர். வாசற்படியில் ஓர் ஆடும் படுத்திருந்தது. அது பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டதால் கணக்கில் சேரவில்லை.

மடத்தம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. திருமேனிக்கு அறுபத்திரண்டு. இருந்தாலும் அவர்தான் சீடர்.

பொன்னுருவி புளியைக் கல்லில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். மடத்தம்மா கொட்டைகளைப் பொறுக்கித் தனியே குவித்துக்கொண்டிருந்தார்.

"தாயி, ஒரு சந்தேகம்" என்றார் திருமேனி.

"கேளுங்க."

"சத்தமில்லாம பழநிக்கு நடக்க முடியுமா?"

"செருப்பைக் கழட்டிட்டா முடியும்."

ராவுத்தர் சிரித்தார். திருமேனி சிரிக்கவில்லை.

நாற்பது வருஷம் மைக்செட் வாடகைக்கு விட்டவர் அவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, இழவு, எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவருடைய ஹாரன்தான் முதலில் மரத்தில் ஏறும். தைப்பூசத்துக்குப் பழநி நடக்கிறவர்களுக்கு முன்னால் போவதும் அவர் வேன்தான். முப்பது தடவை போயிருக்கிறார். ஒரு தடவையும் நடந்ததில்லை.

ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்ததில் வலது காது மந்தமாகிவிட்டது. இந்த வருஷம் கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டார்.

"ஹாரனை எல்லாம் இறக்கியாச்சு, தாயி. ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. படுத்தா பெரிசா கேக்குது."

"பாட்டா?"

"பேச்சு."

"என்ன பேச்சு?"

திருமேனி தூணைப் பார்த்தார். "நடந்தா நின்னுரும்னு தோணுது" என்றார்.

"சரி. எப்ப நடக்கப் போறீங்க?"

"ஆனியிலே. தையிலே போனா ரோடு பூரா கூட்டம், பஜனை, நம்ம மருமகன் வேன் வேற. ஆனியிலே ஒரு குருவி நடக்காது."

"நல்ல மாசம்தான். காத்து இருக்கும்."

"ஒரே ஒரு கஷ்டம். தையிலே வழி நெடுகப் பந்தல் இருக்கும். நீர்மோர் இருக்கும், படுக்கப் பாய் இருக்கும். ஆனியிலே ஒண்ணும் கிடையாது. எல்லா ஊருக்கும் முன்கூட்டியே போன் பண்ணி இடம் சொல்லிவைக்க வேண்டியிருந்துச்சு."

"சொல்லிவச்சாச்சா?"

"அந்தக் கூத்தை ஏன் கேக்குறீங்க."

கேட்டார்கள். பொன்னுருவி கல்லைக்கூட நிறுத்திவிட்டாள்.

"மணல்மேட்டுப்பட்டியிலே தெரிஞ்சவரு ஒருத்தருக்குப் போட்டேன். 'ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாம, ஒதுங்க ஒரு இடம் வேணும்'னேன். 'அதுக்கென்ன, கொளத்துக்கரைப் பக்கம் போங்க, எல்லாரும் அங்கதான் போறாங்க'ன்னாரு."

பொன்னுருவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடுத்த ஊருலே ஒரு அம்மா எடுத்துச்சு. 'ஒதுங்க இடமா? புதுசாக் கட்டியிருக்கோம், தண்ணி வசதியோட இருக்கு'ன்னுச்சு. எனக்கு ரொம்ப சந்தோஷம். 'ராத்திரி பூரா அங்கேயே இருந்துக்கலாமா'ன்னு கேட்டேன். 'ஐயோ, வயித்துக்கு என்னங்க பண்ணுது'ன்னுச்சு."

ராவுத்தருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்த பிறகுதான் பேச முடிந்தது.

"ஏன் மைக்செட்டு, தங்க இடம்னு கேட்டா வாய் வலிக்குமா?"

"தங்குறதுன்னா பேசணும், ராவுத்தரே. எந்த ஊரு, என்ன சோலி, கூடப் பிறந்தவங்க எத்தனை பேருன்னு ஆரம்பிச்சிருவாங்க. ஒதுங்குறவன்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"அது வாஸ்தவம்தான்" என்றார் மடத்தம்மா. "யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஒதுங்கப் போறவன் எதையாவது கழிச்சுட்டுத்தான் எந்திரிப்பான். நீங்க எதைக் கழிக்கப் போறீங்க?"

திருமேனி பேச்சை மாற்றினார்.

"இப்ப எல்லாம் சரியாயிருச்சு, தாயி. பள்ளிக்கூடத் தாழ்வாரம், பால் சொசைட்டி பின்னறை, தோட்டத்து மோட்டார் ரூம்னு பாத்துப் பாத்துப் பிடிச்சிருக்கேன். ஒன்பது ராத்திரி. ஒன்பதுக்கும் ஆள் சொல்லியாச்சு. ஒரு எடத்துலேயும் ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

மடத்தம்மா புளியங்கொட்டைக் குவியலை அவர் பக்கம் தள்ளினார்.

"வச்சுக் காட்டுங்க."

திருமேனி ஒன்பது கொட்டைகளை எண்ணி எடுத்தார். மடத்துக்கு அடையாளமாக ஒரு தூண். பழநிக்கு ஓர் உருண்டை புளி. ஒரு ராத்திரிக்கு ஒரு கொட்டையாக வைத்துக்கொண்டே போனார்.

முதல் மூன்று நேராகப் போயின. நான்காவது தெற்கே திரும்பியது. ஐந்து, ஆறு, ஏழு கரட்டு மேட்டு ஓரமாக வளைந்தன. எட்டாவது மறுபடியும் ரோட்டுக்கு வந்தது. ஒன்பதாவது புளி உருண்டைக்குப் பக்கத்தில்.

மடத்தம்மா வளைவின் மேல் விரலை ஓட்டினார்.

"இங்க ஏன் வளையுது?"

"ரோட்டுலே கூட்டம் இருக்கும்ல, தாயி."

"ஆனியிலா?"

திருமேனி ஒரு கொட்டையைத் தொட்டு நேராக்கினார். அது முன்பே நேராகத்தான் இருந்தது.

"கூட்டம் இல்லேன்னாலும் வண்டி சத்தம் இருக்கும்."

"எந்த வண்டி?" என்றார் ராவுத்தர். "நான் வாரம் தவறாம சைக்கிள் மிதிக்கிற ரோடு அது. பைபாஸ் போட்டதுக்கப்புறம் ஒரு லாரி வர்றதில்லை. நடு ரோட்டுலே மிளகாய் காயப் போட்டிருக்காங்க."

திருமேனி அவரை முறைத்தார். "உமக்கு வெயில் தாழ்ந்துருச்சு, கிளம்பலாமே."

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று ராவுத்தர் நகர்ந்து வசதியாக உட்கார்ந்தார்.

மடத்தம்மா கையை நீட்டினார். வளைவில் இருந்த நான்கு கொட்டைகளையும் எடுத்தார். அவற்றில் ஒன்றை மட்டும், மூன்றாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில், நேர் ரோட்டில் வைத்தார். வரிசை கோடு போட்ட மாதிரி ஆயிற்று.

பொன்னுருவி மறுபடியும் புளி தட்ட ஆரம்பித்திருந்தாள். மடத்தம்மா உட்கார்ந்திருந்தது திருமேனியின் வலது பக்கம். நடுக் கொட்டையின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கேட்டார்:

"இங்க தங்க எங்கே?"

திருமேனிக்கு முகம் சிவந்துவிட்டது.

"தங்கச்சி எங்கேன்னா? அவ அவ வீட்டுலேதான் இருக்கா! நான் ஒண்ணும் அவளுக்குப் பயந்து சுத்திப் போகல!"

பொன்னுருவியின் கல் நின்றது.

அப்போதுதான் ஆடு எழுந்து போயிற்று.

"நான் தங்கன்னுதான் கேட்டேன்" என்றார் மடத்தம்மா.

திருமேனி தன் வலது காதைக் கையால் மூடினார். பிறகு எடுத்தார். பிறகு இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"அந்த ஊரு கொன்றைக்குளம்" என்றார்.

"ம்."

"அங்கம்மா அங்கதான் வாழ்க்கைப்பட்டா. எனக்கு ஒரே தங்கச்சி. ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு பிறந்துச்சு. அதுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலே உக்காரவச்சுத்தான குத்தணும்?"

"ஆமா."

"அன்னிக்குன்னு பக்கத்து ஊருலே எருதுகட்டுத் திருவிழா. என் செட்டுதான். ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சுபோச்சு, விட்டுட்டு வர முடியல. நேரம் தப்பிருச்சு. ஆசாரி எத்தனை நேரம் ஊசியைக் கையிலே வச்சுக்கிட்டு இருப்பாரு? பிள்ளையைச் சித்தப்பன் மடியிலே உக்காரவச்சுக் குத்திட்டாங்க."

"நீங்க?"

"தோடும் பட்டுப் பாவாடையும் எடுத்துக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்கேன். ஊரு எல்லைக்கு வந்துட்டேன். பந்தல்லேயும் என் செட்டுதான். செட்டுப் பாத்துக்கிட்டிருந்த பையன் பாட்டை நிறுத்திட்டு மைக்கை நிறுத்தாம சாப்பிடப் போயிட்டான். அங்கம்மா யார்கிட்டயோ சொல்றா. நாலு திசையிலேயும் கேக்குது."

அவர் நிறுத்தினார். பொன்னுருவிதான் கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"'எங்கண்ணனுக்கு என்ன, வாடகை கொடுத்தாத்தான் வருவாரு'ன்னா."

ராவுத்தர் தரையைப் பார்த்தார்.

"என் ஹாரன். முந்தின நாள் நானே எல்லைப் புளியமரத்துலே ஏறிக் கட்டினது" என்றார் திருமேனி. "பதினோரு வருஷமா அதான் ஓடுது."

"நீங்க எல்லை வரைக்கும் வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அப்படியே திரும்பிட்டேன்ல."

மடத்தம்மா தலையை ஆட்டினார்.

"ஏதோ கோவத்துலே அந்த அம்மா ஒரு பொய் சொல்லிட்டாங்க. நீங்க திரும்பிப் போய் அதை மெய்யாக்கிட்டீங்க."

மடத்தம்மாவின் கையில் இன்னும் மூன்று கொட்டைகள் இருந்தன. அவற்றைத் திருமேனியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்ன, தாயி?"

"நேரா நடந்தா ஆறு ராத்திரி. நீங்க ஒன்பது சொன்னீங்க. கழிச்சது போக மிச்சம்."

"இதை வச்சு நான் என்ன செய்ய?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க மிச்சம்."

அதோடு எழுந்து புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ராவுத்தர் சைக்கிளை எடுத்தார். போகும்போது, "கொன்றைக்குளத்துலே மூணாவது தெருதான? தண்ணித் தொட்டிக்கு எதிர்த்தாப்புல. போன மாசம்கூட ஒரு சம்படம் வாங்குச்சு அந்த அம்மா. பேரம் பேசவே இல்லை" என்றார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஆனி பிறந்தது. திருமேனி நடந்தார்.

ஆறு கொட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றை வேட்டி மடியில் முடிந்துகொண்டார். விடிந்து கிளம்பும்போதெல்லாம் படுத்த இடத்தில் பையிலிருந்து ஒரு கொட்டையை வைத்துவிட்டுப் போனார். மடியைத் தொடவில்லை.

ரோடு அவர் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. காற்றும், காயப் போட்ட மிளகாயும், எப்போதாவது ஒரு சைக்கிளும்தான். ஒருவரும் பேசவில்லை.

அதனால் அந்தப் பேச்சு நன்றாகக் கேட்டது. முதல் நாள் பின்னாலிருந்து கேட்டது. மூன்றாம் நாள் முன்னாலிருந்து கேட்டது.

நான்காம் நாள் சாயங்காலம் கொன்றைக்குளத்து எல்லைக்கு வந்தார். புளியமரம் அங்கேயே நின்றது. ஹாரனுக்கு அவர் கட்டிய கம்பியின் ஒரு துண்டு கிளைக்குள் பாதி புதைந்து கிடந்தது.

அதைத் தாண்டுவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. தாண்டினார்.

மூன்றாவது தெரு. தண்ணித் தொட்டி. எதிர்த்தாற்போல் நீலக் கதவு.

தட்டினார். பதினாலு வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். திருமேனி முதலில் பார்த்தது அவள் காதைத்தான்.

"யாரு வேணும்?"

"ஒதுங்க..." என்று ஆரம்பித்தார். சொல்லை மாற்றினார். "பழநிக்கு நடக்கிறேன். தங்க இடம் வேணும்மா."

அவள் உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். "அம்மா, யாரோ பழநிக்கு நடக்கிறவரு. தங்கணுமாம்!"

"ஆனியிலேயா?" என்றது உள்ளே ஒரு குரல். "உள்ள வந்து உக்காரச் சொல்லு. தண்ணி குடு. வர்றேன்."

அதே குரல். ஆனால் ஹாரன் இல்லாமல் சின்னதாக இருந்தது.

திருமேனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அங்கம்மாள் மாவுக் கையோடு வந்தாள். பார்த்தாள். அப்படியே நின்றாள். மாவு காய்கிற வரைக்கும் நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"தனியாவா நடந்து வர்றே?"

"ஆமா."

"வேன் வரல?"

"வரல."

"சத்தமே இல்லாம வந்து நிக்கிறே."

அவள் கதவை விட்டு விலகி வழிவிட்டாள்.

"வா. இங்க வாடகை எல்லாம் கிடையாது, அண்ணே" என்றாள். சொன்ன பிறகு காய்ந்த மாவைக் கையிலிருந்து உதிர்த்தாள். "எத்தனை ராத்திரி இருப்பே? ஒண்ணா?"

"இன்னிக்கு ராத்திரி வழிக்கணக்கு" என்றார் திருமேனி. "அதைச் சேக்காதே."

குனிந்து வேட்டி மடியை அவிழ்த்தார். உள்ளங்கையை விரித்து அவளிடம் நீட்டினார்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்து எண்ணினாள்.

"மூணு."