பனி விட்டுட்டுப் போன மூட்டை

“மாட்டை இங்கேயே விட்டுட்டுத்தான் போகணும். மருமக காதுல மட்டும் போட்டுராதீங்க.”

இதைச் சொன்னது யாரு? நாச்சி. அவ புருஷன்கிட்டச் சொன்னா. விழுந்தது யார் காதுல? சுவருக்கு அந்தப் பக்கம் வரட்டி தட்டிக்கிட்டிருந்த மருமக பவளாயி காதுலதான்.

எந்த ஊர்னு கேக்குறியா? ஒரு ஊர்ல ஒரு பனி. ஆமா, ராஜா இல்ல, மந்திரி இல்ல, பனிதான். நம்ம மொட்டை மாடித் தண்ணித் தொட்டி இருக்குல்ல, அது மேல தொட்டி, தொட்டி மேல தொட்டின்னு மேகம் வரைக்கும் அடுக்கின உசரம். காலங்காலமா நகர்ந்து நகர்ந்து வந்து ஊர் வாசல்ல உக்காந்துருச்சு. வர்ற வழியில சும்மா வந்துச்சா? தேங்கா துருவுற மாதிரி தரையைத் துருவி, கல்லும் மண்ணுமா முன்னாடி தள்ளிக்கிட்டே வந்துச்சு. கர்ர்ர்... கர்ர்ர்... ஊர்ச்சனம் அதுல ஒரு துண்டு வெட்டும், சட்டியில போட்டு உருக்கும், குடிக்கும். வேற தண்ணி கிடையாது. எங்க, ம் சொல்லு.

“ம்.”

அப்புறம், வருஷா வருஷம் வெயில் ஏறுச்சு. பனி பின்னாடி போக ஆரம்பிச்சுது. தள்ளிட்டு வந்த கல்லையும் மண்ணையும் அப்படியே பெரிய மேடாப் போட்டுட்டுப் போச்சு. “அது பனியோட மூட்டைமுடிச்சு. எடுத்துட்டுப் போகத் திரும்பி வரும். யாரும் மிதிக்கக் கூடாது”ன்னு ஊர்ல கட்டுப்பாடு. அதனால சனங்க பக்கத்து மலையைச் சுத்திப் போய்ப் பனி வெட்டிட்டு வந்தாங்க. மேட்டுக்கு நேர் பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் பார்த்ததே இல்ல.

போற பனியைப் பிடிச்சு நிறுத்தணுமே! முதல்ல கயித்தைக் கட்டி இழுத்தாங்க. ஏலேலோ... ஐலசா! கயிறு வழுக்கி, சர்ர்ருனு எல்லாரும் மல்லாக்க விழுந்தாங்க. அப்புறம், வெயில் படாம இருக்கட்டும்னு ஊர்ல இருந்த கம்பளியையெல்லாம் அதுக்குப் போர்த்திவிட்டாங்க. போர்த்தின ஓரம் மட்டும் நின்னுச்சு, மத்ததெல்லாம் கிளம்பிருச்சு. கம்பளி இல்லாம ஊரே கிடுகிடுன்னு நடுங்குச்சு. அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா? பனிக்குக் கோவம், பூசை போடணும்னு, அது மூஞ்சிக்கு முன்னாடியே வரிசையா அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாக் கூழ் காய்ச்சினாங்க!

“அய்யோ சித்தி, உருகிருமே!”

உருகாம? சொட்டு சொட்டு சொட்டுன்னு ஒரே ஓட்டமா மலைக்குப் பின்னாடி போயிருச்சு. அப்போதான் ஊரே கிளம்பி, பனி பின்னாடியே போயிடறதுன்னு முடிவாச்சு. நாச்சி வீட்டுச் சடைச்சி மாடு நிறைமாசம். மலை ஏற முடியாது, அதான் நாச்சி விட்டுட்டுப் போகணும்னா. பவளாயி தாய்வீட்டுலேருந்து கன்னுக்குட்டியா ஓட்டிட்டு வந்த மாடு அது. இந்த வீட்டுல அவ வாய்விட்டுப் பேசுறது அதுகிட்ட மட்டும்தான். மத்தவங்ககிட்டப் பேசணும்னா அவளுக்கு அவ்வளவு கூச்சம்.

மறுநாள் மூட்டையெல்லாம் தலைக்கு ஏறுச்சு. தொழுவத்துல மாட்டைக் காணோம். பார்த்தா, சடைச்சி அந்த மேட்டு உச்சியில நின்னு, அந்தப் பக்கமாப் பார்த்து “ம்ம்மா”ங்குது. அதுக்கு என்ன தெரியும் ஊர்க் கட்டுப்பாடு!

“இறங்கச் சொல்லுடி உன் மாட்டை!”ன்னு நாச்சி கத்தினா.

பவளாயி மேட்டடியில நின்னா. காலைத் தூக்கினா, கீழ வச்சா. தூக்கினா, கீழ வச்சா. மூணாந்தடவை மேட்டு மேலயே வச்சா. விறுவிறுன்னு ஏறிட்டா.

ஏறிப் பார்த்தா... பனி துருவின பள்ளம் நிறையத் தண்ணி! வானம் பூரா அதுக்குள்ள கிடக்குது. உருகின பனி எங்கயும் போகல, மேடு கரையா நின்னு பிடிச்சு வச்சிருக்கு.

“அத்தே! தண்ணி அத்தே! எம்புட்டுத் தண்ணி!”

“நேத்து வரைக்கும் வாயே திறக்காதவ பேசுறதைப் பாரு! வெட்டாம, உருக்காம தண்ணி ஏதுடி?”

ஒருத்தரும் ஏறல. மலைப்பாதையில கூட்டம் நகர ஆரம்பிச்சுது. மேட்டோட ஒரு ஓரம் தாழ்வு. அங்க தண்ணி விளிம்பு வரைக்கும் தளும்பிக்கிட்டு நின்னுச்சு. பவளாயி ஓடிப்போய் ஒரு கல்லைப் புரட்டினா. இன்னொரு கல்லு. முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு மண்ணைக் கையால பறிச்சா.

குபுக்!

சலசலசலன்னு இறங்குச்சு பாரு! ஊரை விட்டு ஒதுங்கி, மண்ணை அரிச்சு வழி வெட்டிக்கிட்டு, போறவங்க பாதைக்குக் குறுக்க வந்துருச்சு.

“அய்யய்யோ, கால்ல என்னமோ சில்லுங்குது!”ன்னு நாச்சி ஒரு குதி குதிச்சா. பிள்ளைங்க தொப்பு தொப்புன்னு விழுந்து ஆடுச்சுங்க. மாமனார் குனிஞ்சு ஒரு கை அள்ளிக் குடிச்சாரு. “ஏ நாச்சி! உருக்காத தண்ணிடீ!”

அப்புறம் அந்த ஓடை அரிச்சு அரிச்சு ஆறாச்சு. ஆறு போன வழி பள்ளத்தாக்காச்சு. பள்ளம் ஏரியாச்சு. ஆறு கடலைப் பார்த்துப் போயிருச்சு, நீ தூக்கத்தைப் பார்த்துப் போ.

“சித்தி... அந்த மாமியார் என்ன ஆனா?”

அவளா? மேட்டு மேலேருந்து, சடைச்சி போட்ட கன்னுக்குட்டி கத்துற சத்தம் கேட்டுச்சு. தலைமூட்டையைத் தொப்புனு கீழ போட்டா. சீலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, மேட்டு மேல ஏறினா.