செவத்தி கொடுத்த வேப்பங்கொட்டை

தாழங்குளத்துக் கரையில் எலிகளும் மூஞ்சூறுகளும் வளை தோண்டி வாழ்ந்தன. அவற்றுக்குத் தலைவன் கிடையாது. முன்பு ஒரு நரியின் குகையில்தான் எல்லாம் ஒன்றாகக் குடியிருந்தன. யார் எங்கே படுக்கிறார்கள் என்று நரிக்குத் தெரியும். அது ஒவ்வொன்றாகத் தின்றது. அதனால் அவரவர் வளை அவரவருக்கு என்று பிரிந்து வந்துவிட்டன.

இங்கே இருவர் நட்பாக வேண்டுமென்றால் இரண்டு பக்கமிருந்தும் மண்ணைத் தோண்ட வேண்டும். நடுவில் மூக்கோடு மூக்கு முட்டினால் நட்பு. ஒருவர் தோண்டாவிட்டால் வழி இல்லை.

செவத்தி என்ற எலிக்கு இந்தத் தாமதம் பொறுக்கவில்லை. அவள் கெட்டிக்காரி.

"ஒரு நண்பருக்காக நாலு நாள் மண்ணைக் கிளறுவதா! நான் ஓர் அழைப்பு செய்திருக்கிறேன், பாருங்கள்!"

வேப்பங்கொட்டையில் தன் முன்பற்களால் மூன்று கோடு கீறியிருந்தாள். அதை வாசலில் உருட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் மண்ணை விலக்கி வழிவிட வேண்டும். எந்த வளைக்கும் அது செல்லுபடியாகும். வாங்கியவர் அதை யாருக்கும் கொடுக்கலாம்.

பக்கத்து வளை மூஞ்சூறு மூசி மட்டும் முகம் சுளித்தாள்.

"ஏண்டி செவத்தி, என் வளைக்குள் யார் வரலாம் என்று என்னைக் கேட்க வேண்டாமா?"

"உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஊர் பெருகுமா? என் பல் தடத்தை நீயே நம்பமாட்டாயா?"

தோழியின் மனம் நோகக்கூடாதே என்று மூசி ஒப்புக்கொண்டாள்.

பத்தே நாளில் கூட்டம் மூன்று மடங்கானது. போகும் இடமெல்லாம் செவத்திக்குப் பாராட்டு. அந்த மகிழ்ச்சியில் அணிலுக்கு ஐந்து கொட்டைகளை அள்ளிக் கொடுத்தாள். அணில் ஒன்றை ஓணானுக்குக் கொடுத்தது. ஒரு நண்பகலில் ஓணானைச் சாரைப்பாம்பு மடக்கியது.

"என்னை விட்டுவிடு! இந்தக் கொட்டையை உருட்டினால் எலி வளை தானாகத் திறக்கும்!" என்று ஓணான் அலறியது.

பாம்பு ஓணானை விட்டது. கொட்டையை மூக்கால் தள்ளிக்கொண்டு போனது. அந்த ஒரே கொட்டை நாலு வாசல்களைத் திறந்தது. ஐந்தாவது, மூசியின் வாசல்.

வாசல் இடுக்கு வழியே உருண்டு வந்த கொட்டையை மூசி இருட்டில் தடவிப் பார்த்தாள். மூன்று கோடு. செவத்தியின் பல்தான்! மண்ணை விலக்கினாள்.

இரை தேடப் போயிருந்த செவத்தி திரும்பியபோது மூசி இல்லை. அவள் குட்டிகளும் இல்லை. வாசலில் கொட்டை மட்டும் கிடந்தது. அதில் பாம்பின் எச்சில் இன்னும் காயவில்லை.

செவத்தி அழுதுகொண்டே அடுத்த வளைக்கு ஓடினாள். அங்கே நெட்டையன் என்ற எலி தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வாசலை அடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே! உங்களிடம் உள்ள கொட்டைகளைக் கொடுங்கள், அழித்துவிடுகிறேன்!"

"என்னிடம் இருப்பதை நான் அழித்துக்கொள்வேன். அணிலிடம் இருந்தவை இப்போது யாரிடம் இருக்கின்றன?"

"தெரியாது, அண்ணே."

"மொத்தம் எத்தனை கொடுத்தாய்?"

செவத்திக்கு அதுவும் தெரியவில்லை.

நெட்டையன் வளைக்குள் நுழைந்தான். உள்ளிருந்து மண்ணைத் தள்ளி வாசலைக் கெட்டியாக மூடினான். பொழுது சாய்வதற்குள் கரையில் ஒரு வாசல்கூடத் திறந்திருக்கவில்லை. பாடுபட்டுத் தோண்டிய பழைய நட்பு வழிகளையும் எல்லோரும் தூர்த்துவிட்டார்கள்.

நண்பரைக் கேட்காமல் அவர் வாசலைப் பிறருக்குத் திறந்துவிடுகிறவர், நண்பரையும் இழப்பார், தம்மீது மற்றவர் வைத்த நம்பிக்கையையும் இழப்பார்.