கரிமூட்டத்தில் உட்கார்ந்த கொண்டைக்குருவி

பறவைகளும் மனிதர்களும் நேருக்கு நேர் பேசிச் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் செம்பாயியும் அவள் புருசன் சடையனும் கரி சுட்டுப் பிழைத்தார்கள். விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே தீயைக் கனியவிடுவார்கள். அந்தக் கரிமூட்டம் வெளியே பார்த்தால் வெறும் மண்மேடு. அதற்காக மரங்களை வெட்டி வெட்டிச் சரிவே மொட்டையாகிவிட்டது. புகை பள்ளத்திலேயே தங்கியது. அவர்கள் குழந்தை பூவாத்தா இருமி இருமிக் கஞ்சிகூட விழுங்க முடியாமல் கிடந்தாள்.

மரம் புகையைத் தின்னும் என்று செம்பாயி வேலங்கன்றுகளாகவே நட்டாள். சீக்கிரம் வளருமே! ஆனால் கம்பளிப்பூச்சிகள் ஒரு கன்றில் ருசி கண்டு எல்லாவற்றையும் மொட்டையடித்தன. அவற்றைத் தின்ன ஒரு பறவைகூட வரவில்லை.

அவள் எதிர்மலைக்குப் போய்க் கொண்டைக்குருவியைக் கூப்பிட்டாள். அப்போது அதற்குக் கொண்டை கிடையாது, உடம்பெல்லாம் பால்வெள்ளை.

"அந்தப் புகையிலயா? என் வெள்ளை என்னாகுறது? வேலமுள்ளுல எனக்குப் பழமா தொங்குது?"

"எம்புள்ள இருமுறது உனக்குக் கேக்கலையா?"

குருவி தலையைச் சாய்த்துக் கேட்டது. காற்றில் இருமல் வந்தது.

"சரி, பாத்துட்டு மட்டும் போயிருவேன்."

அத்தி, சந்தனம், காரை என்று அன்று தின்ற பழமெல்லாம் வயிற்றில் இருக்க, அது புகைக்குள் பறந்தது. தலை கன்னங்கரேலென்று ஆனது, உடம்பில் புகைநிறம் ஏறியது. களைத்துப்போய், கண்ணில் பட்ட மண்மேட்டில் உட்கார்ந்தது.

"ஐயோ, அதுல உக்காராத!" என்று செம்பாயி கத்துவதற்குள், "சுட்டுருச்சே பாவிகளா!" என்று அலறி எழுந்தது. வாலடி சிவந்துவிட்டது, தலைமயிர் சிலிர்த்து நின்றது. சரிவு முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பறந்ததில் வயிற்றிலிருந்த விதையெல்லாம் எச்சத்தோடு சிதறியது.

சடையனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீ நடாம விட்டதையெல்லாம் அது நட்டுருச்சு, புள்ள."

"சிரிக்காத! மொதல்ல இந்த மூட்டத்த அணை. முளைச்ச அன்னைக்கே புகையத் தின்ன மரம் என்ன பூதமா?"

செம்பாயி ஈரமண்ணைக் குழைத்துப் புகைவாய்களை எல்லாம் அடைத்தாள். மரங்கள் தலைக்கு மேல் வளரும்வரை அவர்கள் மூட்டம் போடவில்லை. சடையன் தேன் எடுத்துக் கஞ்சிக்கு வழி பார்த்தான். மழையில் கண்ட இடத்திலெல்லாம் கன்றுகள் முளைத்தன. புதருக்கு வந்த பறவைகள் பூச்சிகளைத் தின்றன. வேலங்கன்றுகளும் மறுபடி துளிர்த்தன.

ஒரு விடியலில் பூவாத்தாவிடமிருந்து இருமல் சத்தமே இல்லை. செம்பாயி பதறிப்போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இதமாக வந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொண்டைக்குருவிக்குக் கருத்த தலையும் சிலிர்த்த கொண்டையும், புகைநிற உடம்பும் சிவந்த வாலடியும் வந்தது அது மூட்டத்தில் உட்கார்ந்த அன்றிலிருந்துதான். பழம் தின்றதும் ஓரிடத்தில் நிலைக்காமல், போகிற இடமெல்லாம் அது விதை போட்டுக்கொண்டே போவதும் அன்றிலிருந்துதான்.