முகத்துக்கு நம்பர் சொன்ன மெஷின்

பல்லி கத்துவதுபோல் 'டிக்' என்ற அந்தச் சத்தம் பதினெட்டு வருஷமாகியும் ஜெசிந்தாவின் காதை விட்டுப் போகவில்லை. பெயின்ட் கடைக் கோமதிநாயகம், சுவரின் நிறத்தை அளக்கும் மலிவு மெஷின் ஒன்றைத் திருத்தி, தென்காசியில் அவள் நடத்திய பியூட்டி பார்லருக்கு எடுத்து வந்த நாள் அது.

நாற்காலியில் மணப்பெண் கோசலை. ஆறு மணிக்கு வரவேற்பு. போன முகூர்த்தத்துக்கு ஜெசிந்தா அலங்கரித்த பெண் போட்டோவில் சாம்பல் பூத்து நின்றாள். இந்த முகமும் கெட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதனால்தான் அவரை உள்ளே விட்டாள்.

"குக்கர் ரப்பரை வெட்டி இது வாயில ஒட்டினேன் தாயி. வெளி வெளிச்சம் உள்ளே போகப்பிடாதுல்லா? அதோட இதுக்குப் புத்தி வந்துட்டு. கன்னத்துல வெச்சா எந்த நம்பர் கிரீம்னு சொல்லிரும்."

"அவ்வளவுதானா?" என்றாள் புருவம் திருத்தும் சொர்ணம், நூலைப் பல்லில் கடித்தபடி.

"அவ்வளவுதானாவா? சங்கரன்கோவில்ல ஒரு அம்மா கன்னத்துல வெச்சேன். காலையில குடிச்சது காபின்னு சொல்லிட்டு."

"சீனி?"

"அரை ஸ்பூன்! கடையநல்லூர்ல செத்துப்போன மாமியார் போட்டோவுல வெச்சேன். எந்த மருமக மேல கோவத்தோட போனாள்னு வந்துது. மூணு மருமகளும் அன்னைக்கே தனிக்குடித்தனம்."

"நல்ல காரியம்தான்."

"கேளு. போன பௌர்ணமிக்கு நிலாவைப் பார்த்துப் பிடிச்சேன். முகமெல்லாம் கரும்புள்ளி, உடனே பிளீச் பண்ணுன்னு வந்துது."

"பண்ணினீங்களாக்கும்?"

"மறுநாள்லேருந்து தேஞ்சுதே, பார்க்கலையா? மருந்து ஜாஸ்தியாயிட்டு."

கூச்சமே இல்லாமல் சொன்னார். பிறகு, "வெள்ளைன்னா எதுன்னு முதல்ல இதுக்குக் காட்டணும்" என்று மெஷினைத் தன் வேட்டியில் அழுத்தினார். டிக். அடுத்து கோசலையின் கன்னத்தில். டிக்.

"ஒரே மஞ்சள்! ஊதா கிரீமை அப்பு, அடங்கிரும்."

கோசலையின் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, எனக்குக் காமாலையா?"

ஊதா டப்பாவைத் திறந்த ஜெசிந்தாவின் கை நின்றது. இதைப் பூசினால் இவளும் சாம்பல்தான். அவள் கோமதிநாயகத்தின் வேட்டியைப் பார்த்தாள். கரை ஓரமெல்லாம் சொட்டு நீலம் திட்டுத்திட்டாக இருந்தது. மெஷினை வாங்கிப் புதுப் பஞ்சில் ஒருமுறை, கன்னத்தில் ஒருமுறை வைத்தாள். மஞ்சளைக் காணோம். நல்ல மாநிறம்.

"நீலத்தைக் காட்டி இதுதான் வெள்ளைன்னு சொல்லிக் கொடுத்தா, அதுக்கு ஊரே மஞ்சளாத்தான் தெரியும் அண்ணாச்சி. நீங்க சுவரைப் போய்ப் பாருங்க."

"அதையும் கண்டுபிடிச்சது என் மெஷின்தானே தாயி?" என்றார் அவர்.

கோசலை தன் நிறத்திலேயே மேடையேறினாள். இப்போது அம்பாசமுத்திரத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள்.