ஆடாத பக்கம்

“டீச்சர், எல்லாம் ஆடுது. ஆனா சுத்த மாட்டேங்குது.”

சேர்மராஜ் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ரோஸ்லின், தூத்துக்குடியில் கிதாருக்கும் கீபோர்டுக்கும் சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட் பெட்டி செய்கிறவள். சேர்மராஜுடைய மூத்த மகள் வயசுதான் இருக்கும். அவளிடம் பெட்டி வேலை பழகுகிற அவர் டீச்சர் என்பார். அவள் அண்ணாச்சி என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

“என்ன சுத்தணும் அண்ணாச்சி?”

“சத்தம். அந்தக் காலத்துப் பெட்டியில நாதம் அப்படியே தலையைச் சுத்தி வரும்லா. இதுல அது வரல.”

பெட்டி அந்தக் காலத்து மாதிரிதான். தகர டப்பாவுக்குள் நடுவில் ஒரு குட்டி பல்பு. தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி அதன் வெளிச்சம் ஏறும், இறங்கும். பல்பைச் சுற்றி நாலு சில்லு, வெளிச்சத்தின் முகம் பார்த்துக் கரண்டுக்கு வழி விடுகிறவை. உள்ளே நுழைகிற சுரம் அந்த நாலையும் தாண்டி வருவதற்குள் நெளிந்துவிடும். நெளிந்தது இரண்டு ஸ்பீக்கருக்குப் போகும்.

சாயங்காலம் ஃப்ளாரன்ஸ் வருவாள். கச்சேரிக் குழுவில் கிதார் வாசிக்கிறவள். போன வாரம் இதே பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், வயித்தப் பெரட்டுது” என்று கழற்றிக் கொடுத்தவள். இன்றைக்கும் பிடிக்காவிட்டால் டிஜிட்டல் பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கிக்கொண்டு மேடைக்குப் போய்விடுவாள்.

அது அவள் பாடு. சேர்மராஜ் பாடு வேறு.

சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாகப் பாதி ஆயுசைக் கழித்தவர் அவர். இனிமேல் கரைதான், இனிமேல் இந்தப் பெட்டி வேலைதான் என்று இறங்கி வந்தவர். கப்பல் ஏஜென்டோ, திரும்ப வருகிறாரா இல்லையா என்று இன்றைக்குள் பதில் கேட்டிருந்தான். தன் கையால் செய்த பெட்டி இன்றைக்கும் மேடை ஏறாவிட்டால் தான் திரும்பக் கப்பல் ஏறுவதாகச் சேர்மராஜ் முடிவு கட்டியிருந்தார். ரோஸ்லினுக்கும் அது தெரியும்.

“கடல் பாத்த மனுசன், கரையில நிக்கிற பிள்ளைக்கு வாந்தி வர வச்சிட்டியளே,” என்றாள் அவள்.

“சிரிக்காதிய டீச்சர். பல்ப மாத்துனேன். வேகத்தக் கூட்டுனேன்.”

“கூட்டுனா?”

“இன்னும் பெரட்டுது.”

ரோஸ்லின் மூடியைத் திறந்தாள். ஒரே ஒரு பார்வைதான்.

“நேரா இடது ஸ்பீக்கருக்குப் போற மாதிரி படத்துல ஒரு வயர் வரைஞ்சு குடுத்திருந்தேனே. எங்க அது?”

“வெட்டிட்டேன்.”

“ஏன்?”

“அது பல்புப் பக்கமே போகல. உள்ள வந்த சுரம் வந்தபடியே வெளிய போவுது. வலது பக்கம் ஆடுது, இடது பக்கம் செத்த சவமாக் கெடக்கு. வரைஞ்சதுல தப்புன்னு நெனச்சேன். கப்பல்ல ஒரு பக்கம் லைட்டு எரிஞ்சு மறுபக்கம் எரியலன்னா எங்களத் தூங்க விட மாட்டாங்க டீச்சர். அந்தப் பழக்கம். ரெண்டு பக்கத்தையும் ஒண்ணுபோல ஆட விட்டுட்டேன்.”

“போன வாரமே பாத்தேன்.”

“ஒரு வார்த்த சொல்லலியே.”

“நீங்க படத்தையே திருத்திட்டுல்லா வந்திய. திருத்துன ஆள்ட்ட நான் என்னத்தச் சொல்ல?”

சேர்மராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபம் அவள்மேலா தன்மேலா என்று அவருக்கே பிடிபடவில்லை.

“சரி, இப்ப சொல்லுங்க. ஒரு பக்கம் சும்மா கெடந்தா எப்படிச் சுத்தும்?”



“அண்ணாச்சி, கப்பல் ஆடுறது எப்படித் தெரியும்?”

“வயித்துக்குத் தெரியும்.”

“கண்ணுக்கு? கீழ்த்தட்டு ரூமு. சன்னல் கெடையாது. கட்டில், சுவரு, மேசை, எல்லாம் சேர்ந்தே ஆடுது. எம்புட்டு சாயுதுன்னு எத வச்சுப் பாப்பிய?”

சேர்மராஜுக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற சிரிப்பு.

“கொக்கியில சட்ட தொங்கும்லா. அதப் பாத்தாப் போதும். சுவர விட்டு ஒரு முழம் தள்ளி வரும், பொறவு வந்து ஒட்டிக்கிடும்.”

“அப்போ சட்ட ஆடுது.”

“புதுசா ஏறுற பயலுவ எல்லாம் இப்படித்தான் சொல்லுவானுவ. சட்ட எங்க டீச்சர் ஆடுது? அது பாட்டுக்கு நேராத் தொங்குது. ரூமுதான்…”

நின்றுவிட்டார்.

ரோஸ்லின் வேறொரு பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

சேர்மராஜ் திறந்து கிடந்த டப்பாவில், தான் வெட்டிய இடது வயரின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்பு ஏறியது, இறங்கியது.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஏஜென்டுக்கு ‘நான் வரல, வேற ஆளப் பாத்துக்கிடுங்க’ என்று அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பின்னால்தான், இடது ஸ்பீக்கருக்கு நேராகப் போட, வயர் சுருளிலிருந்து ஒரு சாண் வெட்டினார்.

“இன்னும் வாசிச்சே பாக்கல அண்ணாச்சி,” என்றாள் ரோஸ்லின், தலை நிமிராமல்.

“வாசிக்கட்டும்.”

சால்டரிங் புகை அடங்குவதற்குள் ஃப்ளாரன்ஸ் வந்துவிட்டாள். கிதாரை மாட்டினாள். இடது ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு தட்டினாள்.

“அங்கிள், இதுல ஒண்ணுமே இல்ல. சும்மா கிதார்தான் கேக்கு.”

வலது ஸ்பீக்கருக்குப் போனாள்.

“இதுல போன வாரத்து நெளிவுதான். மறுபடியும் பெரட்டும்.” நிமிர்ந்து முதலில் ரோஸ்லினைப் பார்த்தாள், அப்புறம் அவரை. “எந்தப் பக்கம் அங்கிள் ரெடி பண்ணியிருக்கிய?”



சேர்மராஜ் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே கொண்டுபோய்ப் போட்டார்.

“இங்க உக்காந்து வாசிம்மா.”

ஃப்ளாரன்ஸ் உட்கார்ந்தாள். ஒரே ஒரு தந்தியைத் தட்டினாள்.

தட்டியவள் சத்தத்தைத் தேடி மெல்லத் திரும்பி, ஸ்பீக்கர் எதுவுமில்லாத பின்சுவரைப் பார்த்தாள்.