பழைய நட்

அமலதாஸுக்குக் கோவம் வந்தா வாய் முன்னாடி ஓடும், மூளை பின்னாடி மெதுவா நடந்து வரும். ஐம்பது வயசு. இருபத்திரெண்டு வருஷமா சர்ச் பேண்டுல எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறார்.

பெனிட்டாவுக்கு இருபத்தெட்டு. வியாசர்பாடியில டயர் கடை மாடியில கிட்டார் ரிப்பேரும் பாப்பா, சொல்லியும் குடுப்பா. தன்னவிட அவ்வளவு சின்னப் பொண்ண “மிஸ்”னு கூப்பிட்டுக்கிட்டு ஒரு வருஷமா அவகிட்ட கத்துக்கிறார். கத்துக்கிட்டத விடச் சண்ட போட்டதுதான் ஜாஸ்தி.

அந்த வியாழக்கிழமை வந்ததும் கிட்டார மேசைமேல வச்சார். தலைமாட்டுல ஆறு கம்பியும் உக்கார்ற சின்னப் பட்டை இருக்குல்ல, நட், அத விரலால சுண்டினார்.

“இந்தப் பிளாஸ்டிக் சனியனக் கழட்டிப் போடுங்க மிஸ். எலும்புல வைங்க.”

எதுக்குன்னு கேட்டா. அப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு.

கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில பாட்டு நடுவுல இவர் கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் சுதி ஒத்துப்போகல. பேஸ் வாசிச்சது ரெக்ஸ். இருபத்திரெண்டு வருஷக் கூட்டாளி. இவர் பாட்ட நிறுத்தி, அத்தன ஜனம் பாக்க, மைக்லயே கேட்டார்: காதக் கழட்டி வீட்ல வச்சிட்டு வந்தியாடான்னு. ரெக்ஸ் வயர உருவிட்டு மேடைய விட்டு இறங்கிட்டான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கல. ஜனவரியில ரெக்ஸுக்கு நெஞ்சு நின்னுபோச்சு.

சனிக்கிழமை முப்பதாம் நாள் பூசை. ரெக்ஸ் பொண்டாட்டி செலின் இவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருந்தா. அன்னிக்கி யார் மேல தப்புன்னு. சனிக்கிழமை சொல்றேன்னு வந்துட்டார்.

“அவன் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல. இதுல கம்பி மாட்டிக்குது மிஸ். இன்டர்நெட்ல அத்தன பேரும் சொல்றான். மாத்தினா பிரயோஜனம் உண்டா, இல்லையா?”

அவ கம்பிங்களத் தளத்திட்டு, மரக்கட்டைய வச்சு லேசா தட்டி, நட்டக் கழட்டினா. அமலதாஸ் அத டக்குனு எடுத்துச் சட்டப் பையில போட்டுக்கிட்டார். செலின்கிட்ட காட்டணுமாம்.

எலும்பத் தேச்சு, ஒட்டி, கம்பிக்குக் கம்பி பள்ளம் அராவ ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் பிளாஸ்டிக்க வச்சு அனுப்பினவனோட ஏழு தலைமுறையையும் இவர் இழுத்துப் போட்டுத் திட்டினார். அவ அரத்த விட்டுத் தலையத் தூக்கல.

பழசுல ஒரு பள்ளம் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சுன்னு மட்டும் சொன்னா. பென்சில் தூள் வச்சாலே கம்பி வழுக்கிச் சரியாப் போயிருக்குமாம்.

கம்பி மாட்டி, சுதி பாக்கற ட்யூனர் வச்சு, ஒண்ணொண்ணா மீட்டினா. ஆறுக்கும் முள்ளு நடுவுல நின்னுச்சு, சுதி சுத்தம். அமலதாஸ் மூஞ்சியில கேஸ் ஜெயிச்ச களை.

“அந்தப் பாட்டு வாசிங்கண்ணா.”

நாலு விரலால கம்பிங்கள அமுக்கி முதல் கார்டப் புடிச்சார். அப்படியே புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கம்பியா தட்டச் சொன்னா. முள்ளு வலது பக்கம் சாஞ்சுச்சு. அமுக்கின எல்லாத்துலயும்.

ட்யூனர் சரியில்லன்னார். வேற குடுத்தா. அதுலயும் சாஞ்சுச்சு. கம்பி புதுசுன்னார். வெயில்னார். கடைசியில மரியாதையும் போச்சு.

“உனக்கு அராவத் தெரியல.”

அவ கிட்டார வாங்கி அதே கார்டப் புடிச்சுத் தட்டினா. முள்ளு அசையல. திருப்பி அவர் மடியில வச்சிட்டு, இடது கை விரலக் காட்டச் சொன்னா. நாலு நுனியிலயும் கம்பி பதிஞ்ச கோடு, அறுத்த மாதிரி.

“அமுக்கினா சுதி ஏறிடும்ணா. கம்பியத் தொட்டாப் போதும். நீங்க கழுத்த நெரிக்கிறீங்க.”

அவர் தொட்டார். முள்ளு நடுவுக்கு வந்துச்சு. வேணும்னே பழையபடி அமுக்கினார். போச்சு. தொட்டார். வந்துச்சு. எத்தன தடவ பண்ணாருன்னு அவருக்கே தெரியாது.

கீழ டயருக்குக் காத்தடிக்கிற சத்தம் நின்னுச்சு. அவர் தலையத் தூக்கினார்.

“அப்போ ரெக்ஸ் சரியாத்தான் வாசிச்சிருக்கான். இல்ல?”

“அந்த மேடையில நான் இல்லண்ணா.”

அவருக்கு மறுபடியும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா யார் மேல கோவப்படறதுன்னு தெரியல. கண்ணு முன்னாடி இருந்தது அவளும் அந்த எலும்பும்தான்.

“ரெண்டு மணி நேரமா அராவினீங்களே. எல்லாம் தெரிஞ்சுதான அராவினீங்க? நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. மாத்தினதுல பிரயோஜனம் உண்டா, இல்லையா?”

பெனிட்டா கைய நீட்டினா. என்ன கேக்கறான்னு அவருக்கு ரொம்ப நேரம் புரியல. புரிஞ்சப்புறம் சட்டப் பையில கைய விட்டு, பழைய நட்ட எடுத்து அவ உள்ளங்கையில வச்சார்.

“உண்டுண்ணா. சனிக்கிழமை செலினக்கா முன்னாடி பழி போட நட் இருக்காது, நீங்க மட்டுந்தான் நிப்பீங்க.”