யாரும் பார்க்காத நிறத்தில் ஒரு முட்டை

ஒரு முட்டையால் ஒரு படப்பிடிப்பே நின்றுபோகப் பார்த்தது, கேளுங்கள்.

மாயாஜால நாவல் ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தார் இயக்குநர் செந்தூரவேலன். அதில் வரும் யாளியின் முட்டை யாரும் பார்க்காத நிறமாம். காகிதக்கூழில் பொருள் செய்யும் மரகதவல்லி ஏழு முட்டை செய்து பார்த்தாள். அந்த ஏழையும் அவர், "இந்த நிறத்தை நான் பார்த்திருக்கேன்" என்று தூக்கிப் போட்டுவிட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நாவலாசிரியரே வர்றார். முட்டை இல்லேன்னா உனக்கு இங்கே வேலையும் இல்லை!"

மறுநாள் எழுத்தாளர் வந்து உட்கார்ந்தார். பட்டுத்துணியில் இறுகக் கட்டிய உருண்டை ஒன்றை மரகதவல்லி கொண்டுவந்து வைத்தாள்.

"அவிழ்!" என்றார் இயக்குநர்.

"அவிழ்த்தா எல்லாரும் பார்த்துடுவாங்களே சார்."

"என்ன திமிரு! நாவல்ல இருக்கிறதை நான் காட்டியாகணும்!"

"நேத்துதான் நாவலை முழுசாப் படிச்சேன் சார். முட்டை கடைசி வரைக்கும் துணிக்குள்ளதான் இருக்கு. அவிழ்க்கிற பக்கத்தைக் காட்டுங்க, இப்பவே அவிழ்க்கிறேன்."

எல்லாரும் எழுத்தாளரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றார் எழுத்தாளர்.

இயக்குநர் நாவலைத் தொட்டதே இல்லை. உதவி இயக்குநர் வாயால் கதை கேட்டதோடு சரி. இப்போது அவனை முறைத்தார்.

"அந்த இடத்துல நீங்க தூங்கிட்டீங்க சார்" என்றான் அவன்.

செந்தூரவேலன் தொண்டையைச் செருமினார். "துணியோடவே எடுங்கப்பா. நான் நினைச்சதும் இதுதான்!"

காட்சி முடிந்ததும் எழுத்தாளர் மெல்லக் கேட்டார்: "உள்ளே என்ன நிறம்மா?"

"பூசணிக்காய் நிறம் ஐயா. சாயங்காலம் திருஷ்டி சுத்தி உடைக்க வாங்கி வச்சது."